அதிராத கன்ட்ரோலர்

கன்ட்ரோலரின் முதுகைக் கழற்றி உள்ளே எட்டிப் பார்த்ததும் மெக்கானிக்குக் கோபம்தான் வந்தது.

"எந்த மடையன் இதைச் செஞ்சான்?" என்றார் சத்தமாக.

அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவி, "யாரைத் திட்டறீங்க?" என்றாள்.

"இதைச் செஞ்சவனைத்தான். உள்ள ரெண்டு குட்டி மோட்டார் இருக்கு. ரெண்டு தண்டுலயும் ஒரு பக்கமா மட்டும் எடையை மாட்டி வச்சிருக்கான். சுத்தினா ஆடாம என்ன செய்யும்? அதான் மாப்பிள்ளை கையில பிடிச்ச நேரம் பூரா கடகடன்னு அதிருது."

கத்திச் சத்தம் நின்றது.

"அய்யய்யோ, அது மாப்பிள்ளையோட கேம் ரிமோட்டாச்சே!"

"ரிமோட் இல்ல, கன்ட்ரோலர்."

"பேரு தெரிஞ்சா கழட்டிடலாமா?"

மெக்கானிக் டூல் பெட்டியில் பொடி அரம் தேடிக்கொண்டிருந்தார்.

முப்பத்திரண்டு வருஷமாக அவர் தையல் மிஷின் மெக்கானிக். ஒரே ஷெட்டில் இருநூறு மிஷின் ஓடும் கம்பெனி. அங்கே எந்த மிஷின் அதிர்கிறது என்று வாசலில் நின்றே காதால் கண்டுபிடித்துவிடுவார். அதிர்ந்தால் ஊசி உடையும், நூல் அறுந்துபோகும், தைக்கிற பெண்ணுக்குத் தோள்பட்டை போகும். அவர் வாழ்க்கையில் பார்த்த ஒரே எதிரி அதிர்வுதான். அப்படிப்பட்டவர், மகள் வீட்டு சோபாவில் ஒன்பது நாளாக உட்கார்ந்து, மாப்பிள்ளை கையில் ஒரு சாமான் நடுங்கிக்கொண்டே இருப்பதைப் பார்த்தும் சும்மா இருந்தார் என்றால், அதுவே பெரிய பொறுமை.

சும்மா இருந்ததற்குக் காரணமும் உண்டு. மாப்பிள்ளைக்கும் அவருக்கும் பேச்சு இல்லை. சண்டை என்று சொல்ல முடியாது. "வாங்க மாமா", "சாப்டீங்களா மாமா", அவ்வளவுதான். ஆபீஸ் விட்டு வருவார், முகம் கழுவுவார், டிவியைப் போடுவார், கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். திரையில் ஒரு சிவப்பு கார் ஓடும். சாப்பாடு எடுத்து வைக்கிறவரைக்கும் தலை திரும்பாது.

அந்த மௌனத்தை மெக்கானிக்கே கெட்டிப்படுத்திவிட்டார். வந்த இரண்டாம் நாள், மாப்பிள்ளை சுவரில் அடித்த ஷெல்ஃப் புத்தகத்தோடு கீழே விழுந்தது. "ஒரு ஆணி அடிக்கத் தெரியல. இவரை நம்பிப் பொண்ணைக் குடுத்திருக்கோம்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுத் திரும்பினால், பின்னால் தண்ணீர் பாட்டிலோடு மாப்பிள்ளை நிற்கிறார்.

மகள் வேலை விஷயமாக நேற்று வெளியூர் கிளம்பினாள். போகும்போது அப்பாவைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, நாளைக்கு ராத்திரி நான் வந்துடுவேன். அதுக்குள்ள நீங்க ரெண்டு பேரும் ஒரு நாலு வார்த்தை பேசியிருக்கணும். நடுவுல நின்னு ரெண்டு பக்கமும் சிரிச்சு சிரிச்சு எனக்குத் தாடை வலிக்குது."

நாலு வார்த்தை பேச மெக்கானிக்குத் தெரியாது. ஒரு சாமானைச் சரிபண்ணிக் கொடுக்கத் தெரியும். அதுதான் விஷயம்.

இரண்டு மோட்டாரின் எடையையும் அரத்தால் ராவினார். ராவி, விரலால் சுண்டி, நின்று சுற்றுகிறதா என்று பார்த்து, மறுபடியும் ராவினார். கடைசியில் தண்டு பம்பரம் தூங்குவதுபோல் சுற்றியது.

"பாரு! சொட்டு ஆட்டம் இல்ல."

"நல்லா இருந்தா சரி. மூடி வையுங்க" என்றாள் மனைவி.

அங்கேயே மூடியிருக்கலாம். ஆனால் மேலே காளான் மாதிரி இரண்டு குமிழ் இருந்தன. கட்டைவிரலால் தள்ளினால் லேசாக நறநறத்தது. எண்ணெய் காட்டாத சாமானை மூடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆயில் கேனை எடுத்துக் குமிழுக்கு ஒரு சொட்டு விட்டார். சின்னச் சொட்டுதான். பிறகு இன்னொரு சின்னச் சொட்டு.

மூடி, திருகு ஏற்றி, டிவியைப் போட்டு கேம் பெட்டியை உயிர்ப்பித்தார். சிவப்பு கார் வந்தது. கன்ட்ரோலர் அதிரவே இல்லை.

கார் மட்டும் தானாக இடது பக்கம் போனது.

அவர் கையை எடுத்தார். அப்போதும் இடது பக்கம் போனது. கன்ட்ரோலரை மேஜைமேல் வைத்துவிட்டு எழுந்து நின்றார். கார் ஒரே இடத்தில் வட்டமடித்தது.

"எண்ணெய் உள்ள இறங்கிடுச்சு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல்.

எண்ணெயை எடுக்க என்ன வழி? தையல் மிஷினில் எண்ணெய் கூடிப்போனால் மண்ணெண்ணெயில் கழுவுவார்கள். டூல் பெட்டியில் ஒரு சின்ன பாட்டில் எப்போதும் இருக்கும். கழுவினார். எண்ணெய் போயிற்று. கூடவே குமிழின் ரப்பர் ஊறி உப்பி, வெந்த காளான் மாதிரி குழைந்துவிட்டது.

ஈரத்தைக் காய வைத்தால் பழையபடி சுருங்கும் என்று நினைத்தார். மகளின் ஹேர் டிரையரை எடுத்து வந்து பத்து நிமிஷம் காட்டினார். ரப்பர் சுருங்கவில்லை. கன்ட்ரோலரின் வலது கைப்பிடி மட்டும் மெல்ல வளைந்து, களைத்துப்போன ஆள் தோளைத் தொங்கப்போட்ட மாதிரி ஆனது.

மனைவி வந்து இடுப்பில் கை வைத்து நின்றாள். கன்ட்ரோலரைக் குனிந்து பார்த்தாள்.

"அது ஏன் அழற மாதிரி இருக்கு?"

"சூடு கொஞ்சம் கூடிப்போச்சு."

"இந்த ஸ்க்ரூ எதுக்கு மேஜைமேல கெடக்கு?"

மெக்கானிக் ஸ்க்ரூவைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருஷத்தில் அவரிடம் ஒரு ஸ்க்ரூ மீந்ததில்லை. அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒரு தடவை வாயால கெடுத்தீங்க. இப்ப கையாலயும் கெடுத்தாச்சு" என்றாள் மனைவி. "பொண்ணு வந்து கேட்டா நான் என்ன சொல்ல? 'உன் புருஷனுக்கு ஆணி அடிக்கத் தெரியலன்னு சொன்ன மனுஷன் என்ன பண்ணி வச்சிருக்காரு பாரு'ன்னு காட்டவா? மனுஷன் வீட்டுக்கு வந்ததும் தேடற ஒரே பொருள் அது. என்னைக் கூட அப்படித் தேடினதில்ல நீங்க."

"இதே மாதிரி ஒண்ணு வாங்கி வச்சுடறேன். அவருக்குத் தெரியவே தெரியாது."

"உங்களுக்கு ஆயில் கேனை மாத்தி வச்சா தெரியாதா?"

அது சரியான கேள்வி. அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

இரண்டு தெரு தள்ளி கேம் சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. உள்ளே நீல விளக்கு. கறுப்பு டீ ஷர்ட் போட்ட ஒரு பெண், மகள் வயது இருக்கும், கவுண்டரில் நின்றாள். மெக்கானிக் துணியில் சுற்றிக் கொண்டுபோனதை அவள் முன்னால் பிரித்து வைத்தார்.

அவள் எடுத்து மோந்து பார்த்தாள்.

"மண்ணெண்ணெய் வாசனை வருதே சார்?"

"வரும்."

"கைப்பிடி ஏன் வளைஞ்சிருக்கு?"

"வெயில்."

"வெயிலா?"

"ஹேர் டிரையர்" என்றார் மெக்கானிக். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாதவர். "இதே மாதிரி ஒண்ணு வேணும்மா. சாயங்காலத்துக்குள்ள. மாப்பிள்ளையோடது."

அந்தப் பெண்ணின் முகம் கொஞ்சம் இளகியது.

"இந்த மாடல் இப்ப வர்றதில்ல சார். நல்லா தேஞ்சிருக்கு பாருங்க, எத்தனையோ வருஷமா ஆடினது. ஆனா இதே உருவத்துல புதுசு நாலஞ்சு இருக்கு. உங்க மாப்பிள்ளைக்கு என்னென்ன வசதி முக்கியம்னு சொல்லுங்க, பார்த்து எடுத்துடலாம்."

"வசதின்னா... பட்டன் இருக்கணும்."

"பட்டன் எல்லாத்துலயும் இருக்கும் சார்." அவள் ஐந்தை வரிசையாக எடுத்து வைத்தாள். "வயர் இல்லாததுன்னா முதல்ல தாமதம் பார்க்கணும். இங்க அழுத்தினா அங்க எவ்வளவு சீக்கிரம் கேக்குதுங்கறது."

"பெடலை மிதிச்சதும் ஊசி இறங்கணும். மிதிச்சு ரெண்டு தையல் கழிச்சு இறங்கினா துணி போச்சு."

"அதேதான் சார்!" அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்புறம் இந்தக் குமிழ். சாதாரணமானது உள்ளுக்குள்ள உரசி உரசித் தேஞ்சு, நாளாக நாளாக தானா ஒரு பக்கம் இழுக்கும். இதுல காந்தம் வச்சது இருக்கு. உரசலே இல்ல, தேயாது."

"உரசல் இல்லன்னா எண்ணெயும் வேண்டாம்."

"எண்ணெயா? எதுலயுமே விடக்கூடாது சார்."

"தெரியும்" என்றார் மெக்கானிக். "இன்னிக்குத்தான் தெரியும்."

பின்பக்கம் விரலுக்கு எட்டுகிற மாதிரி இரண்டு கூடுதல் பட்டன். வியர்த்தாலும் வழுக்காத சொரசொரப்பு. பெரிய கைக்கும் சின்னக் கைக்கும் பொருந்துகிற அகலம். ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, கண்ணை மூடி, கனம் இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று பார்த்தார். ஒன்றை "இது வலது பக்கம் சாயுது" என்று தள்ளி வைத்தார். அந்தப் பெண் அதைத் தராசில் வைப்பதுபோல் இரண்டு விரலில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "ஆமா சார்!" என்றாள்.

"பாட்டரி?" என்று அவரே கேட்டார். கேள்வி கேட்க வந்துவிட்டது அவருக்கு.

"ரெண்டு விதம் சார். உள்ளயே வச்சு மூடினது ஒண்ணு. கழட்டி மாட்டறது ஒண்ணு."

"கழட்டறதுதான். பாட்டரி செத்தா மொத்தத்தையும் தூக்கிப் போடவா?"

"கரெக்ட் சார். நீங்களும் ஆடுவீங்களா?"

"நான் தையல் மிஷின் மெக்கானிக்."

"எங்க கடைக்கு வர்ற பாதிப் பேர் இதையெல்லாம் கேக்கறதே இல்ல. கலர்தான் கேப்பாங்க." அவள் இரண்டைத் தனியே நகர்த்தினாள். "கடைசியா ஒண்ணு. வைப்ரேஷன் வச்சது வேணுமா, இல்லாதது வேணுமா?"

மெக்கானிக் கையிலிருந்ததைக் கீழே வைத்தார்.

"என்னது?"

"அதிர்வு சார். கார் சுவத்துல மோதினா கையில அதிரும். நிஜமாவே மோதின மாதிரி இருக்கும். உள்ள குட்டி மோட்டார்ல ஒரு பக்கமா எடை வச்சு—"

"அதை நான் ராவிட்டேன்" என்றார் மெக்கானிக்.

"எதை?"

"எடையை. ரெண்டு பக்கமும் சமமா. அரம் போட்டு."

அந்தப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். கவுண்டருக்குக் கீழே எதையோ தேடுவதுபோல் குனிந்தாள். தோள் குலுங்கியது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"மன்னிச்சுக்குங்க சார். பதினோரு வருஷமா இந்த வேலையில இருக்கேன். யாரும் இதைப் பண்ணினதில்ல."

"மோதினாத்தான் அதிருமா?"

"மோதினாத்தான்."

"அவர் கையில எந்நேரமும் அதிருமே."

அவள் யோசித்தாள். "அப்ப எந்நேரமும் மோதறாரு சார்."

அதை மெக்கானிக் நம்பவில்லை. இத்தனை தேயத் தேய ஆடின மனுஷன் சுவரிலா மோதுவார்? குமிழ்தான் தேய்ந்து இழுத்திருக்கும். பாவம், அந்தத் தேய்ந்த சாமானை வைத்துக்கொண்டு ஒரு வார்த்தை குறை சொல்லாமல் ஆடியிருக்கிறார். மாப்பிள்ளைமேல் முதல் தடவையாக அவருக்கு ஒரு மதிப்பு வந்தது.

"அதிர்வு வச்சதே குடும்மா. காந்தம் வச்ச குமிழோட."

அவள் பாட்டரியைப் போட்டு எல்லாப் பட்டனையும் அழுத்திக் காட்டினாள். பாட்டரியைக் கழற்றிக் கொஞ்ச நேரம் சார்ஜில் வைத்தாள். வீட்டில் கேம் பெட்டியோடு ஜோடி சேர்க்க எந்தப் பட்டனை எத்தனை விநாடி பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மெக்கானிக் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலரை. பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வீடு வந்து சேர்ந்தார்.

மனைவி வாங்கிப் பார்த்தாள்.

"என்னங்க, பஞ்சு மாதிரி இருக்கு?"

"இப்ப வர்றதெல்லாம் லேசுதான்."

"லேசா இருந்தா இருக்கட்டும். இப்படிப் பளபளன்னு இருக்கே! இதைப் பார்த்தா அவருக்குத் தெரியாதா?"

அது மெக்கானிக்குத் தோன்றவே இல்லை. பழையதில் கட்டைவிரல் படும் இடமெல்லாம் தேய்ந்து சாம்பல் நிறமாக இருந்தது. புதியது கல்யாணத்துக்குக் கிளம்பின ஷூ மாதிரி மின்னியது.

அவர் டூல் பெட்டியிலிருந்து உப்புத்தாளை எடுத்தார்.

"வேண்டாங்க" என்றாள் மனைவி.

"லேசா ஒரு தேய் தேய்க்கறேன்."

"காலையிலயும் லேசாத்தான் ஆரம்பிச்சீங்க!"

ஐந்து நிமிஷம் தேய்த்தார். தேய்ந்தது. ஆனால் பல வருஷம் விரல் பட்டுத் தேய்வது வேறு, உப்புத்தாள் பட்டுத் தேய்வது வேறு. இடது பக்கம் கொஞ்சம் அதிகமாகிவிட்டதால் வலது பக்கத்தையும் தேய்த்தார். வலது அதிகமானதால் மறுபடி இடது.

"பூனை பிறாண்டின மாதிரி இருக்கு" என்றாள் மனைவி.

அப்போது வாசலில் சாவி திரும்பியது.

மாப்பிள்ளை அன்றைக்குச் சீக்கிரம் வந்துவிட்டார். மெக்கானிக் புதியதை மேஜைமேல் போட்டு, பழையதை சோபா மெத்தைக்கு அடியில் சொருகி, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஜோடி சேர்க்கவே இல்லை!

"வாங்க மாப்பிள்ளை" என்றார். குரல் எங்கோ கீச்சிட்டது.

"ஆங், வந்துட்டேன் மாமா. சாப்டீங்களா மாமா?"

"சாப்ட்டேன்."

முகம் கழுவி வந்தார் மாப்பிள்ளை. டிவியைப் போட்டார். கேம் பெட்டியின் பொத்தானைத் தட்டினார். கன்ட்ரோலரை எடுத்தார். மனைவி அடுப்படி வாசலில் கரண்டியோடு சிலை மாதிரி நின்றாள்.

திரையில் சிவப்பு கார் வந்தது. ஒரு நிமிஷம் நின்றது. பிறகு கிளம்பியது.

மெக்கானிக் மூச்சை விட்டார். ஓடுகிறது! தானாகவே ஜோடி சேர்ந்துவிட்டது போலிருக்கிறது. நல்ல சாமான்.

அதுவும் எப்படி ஓடியது! ஒன்பது நாளில் அந்த கார் அப்படி ஓடி அவர் பார்த்ததில்லை. வளைவில் வழுக்கிக்கொண்டு திரும்பியது. முன்னால் போன நாலு காரை முந்தியது. ஒரு சுவரில்கூட இடிக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து, புருவத்தைச் சுருக்கி, பட்டன்களை விடாமல் அழுத்திக்கொண்டிருந்தார். காந்தம் வச்ச குமிழ் என்றால் சும்மாவா!

சந்தோஷம் தாங்காமல் மெக்கானிக் வாயைத் திறந்தார்.

"எப்படி இருக்கு மாப்பிள்ளை?"

மாப்பிள்ளை திடுக்கிட்டார். "எது மாமா?"

"கன்ட்ரோலர்."

"நல்லா இருக்கு மாமா."

"கையில கனம் சரியா இருக்கா?"

"சரியா இருக்கு மாமா."

"அழுத்தினதும் கேக்குதா? தாமதம் ஏதும்..."

"உடனே கேக்குது மாமா."

"அதிருதா?"

மாப்பிள்ளை எச்சில் விழுங்கினார். "நல்லா அதிருது மாமா."

நாலு வார்த்தை. எண்ணிப் பார்த்தால் நாலுக்கு மேலேயே இருக்கும். மகளிடம் சொல்லலாம். மனைவி கரண்டியை இறக்கினாள். மெக்கானிக்கின் போன் அடித்தது.

"சார், கேம் கடையிலேர்ந்து பேசறேன். பில்லுல நம்பர் இருந்துச்சு. பாட்டரியை மறந்துட்டுப் போயிட்டீங்க. இங்க சார்ஜுலயே இருக்கு."

"எந்த பாட்டரி?" மெக்கானிக் குரலைத் தாழ்த்திக்கொண்டு எழுந்து ஜன்னல் பக்கம் போனார்.

"உங்க கன்ட்ரோலரோடது சார். அது இல்லாம உயிரே வராது."

மெக்கானிக் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளை மும்முரமாக ஒரு லாரியை முந்திக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. நல்லா ஓடுதே. மாப்பிள்ளை ஆடிக்கிட்டிருக்காரு."

"ஓடாது சார்."

"கண்ணால பார்க்கறேன். ஒரு இடத்துல கூட மோதல."

கடைப் பெண் விடவில்லை. "சார், திரைக்குக் கீழ ஏதாவது எழுத்து மின்னுதா?"

மெக்கானிக் கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார். மின்னியது. 'தொடங்க, பட்டனை அழுத்தவும்.'

"அது கேம் தானா ஓடிக் காட்டறது சார். யாரும் ஒண்ணும் தொடலன்னா அப்படி ஓடும்."

மெக்கானிக் போனை வைத்தார். 

மாப்பிள்ளைக்குத் தெரிந்திருக்கிறது. எடுத்த உடனேயே தெரிந்திருக்கும். தன் கையில் இருப்பது தன்னுடையது இல்லை, உயிரே இல்லாத சாமான் என்று. மாமனார் ஏதோ கெடுத்துவிட்டார், கேட்டால் மனம் நோகும் என்று, 'உடனே கேக்குது மாமா, நல்லா அதிருது மாமா' என்று உட்கார்ந்து நடித்துக்கொண்டிருக்கிறார். ஆணி அடிக்கத் தெரியாது என்று சொன்ன வாய்க்கு இப்படி ஒரு மரியாதை!

மெக்கானிக் நேரே வந்து டிவியை அணைத்தார். சோபா மெத்தையைத் தூக்கி, பழைய கன்ட்ரோலரை எடுத்து, மாப்பிள்ளை கையில் வைத்தார்.

"போதும் மாப்பிள்ளை. நடிக்க வேண்டாம்."

மாப்பிள்ளையின் முகம் வெளிறியது. "மாமா, நான் வேணும்னு..."

"நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம். எல்லாம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான்தான் கெடுத்தேன். எடையை ராவினேன், எண்ணெய் விட்டேன், மண்ணெண்ணெய்ல கழுவினேன், ஹேர் டிரையர் காட்டினேன். புதுசு வாங்கி, உங்களை ஏமாத்தப் பார்த்தேன். அதுக்கும் பாட்டரியை மறந்துட்டு வந்துட்டேன். நீங்க தெரிஞ்சும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருக்கீங்க."

மாப்பிள்ளை வளைந்த கைப்பிடியைப் பார்த்தார். உப்பிய குமிழைப் பார்த்தார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

"அன்னிக்கு அந்த ஷெல்ஃப் விஷயத்துல சொன்னதும் தப்பு" என்றார் மெக்கானிக். "ஆணி யாரு வேணா அடிக்கலாம். அடுத்தவன் மனசு நோகக் கூடாதுன்னு பாட்டரி இல்லாத கன்ட்ரோலரை இவ்வளவு நேரம் அழுத்த யாரால முடியும்? என் பொண்ணு சரியான ஆளைத்தான் பிடிச்சிருக்கா."

மனைவி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள்.

மாப்பிள்ளை வாயைத் திறந்தார், மூடினார். எதையோ சொல்ல வந்து, சொல்லாமல், பெருமூச்சு விட்டார். பிறகு மெதுவாகச் சிரிப்பு வந்தது அவருக்கு.

"எடையை ராவினீங்களா மாமா? அரம் வச்சா?"

"பொடி அரம்."

"எப்படி மாமா? காட்டுங்களேன்."

மெக்கானிக் டூல் பெட்டியை இழுத்தார். இரண்டு பேரும் மேஜையில் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"ஸ்க்ரூவை அப்படித் திருகக்கூடாது மாப்பிள்ளை. அது இறுகும். இந்தப் பக்கம்... ஆங்."

"கழண்டுருச்சு மாமா!"

"கழலத்தான் செய்யும். நீங்க என்ன, முதல் தடவையா?"

"முதல் தடவைதான் மாமா."

"அட!"

மனைவி இரண்டு டம்ளர் காபி கொண்டுவந்து வைத்தாள். இரண்டு பேருமே கவனிக்கவில்லை. மாப்பிள்ளை பேசிக்கொண்டே இருந்தார். சின்ன வயதில் கடிகாரத்தைப் பிரித்து அப்பாவிடம் அடி வாங்கினது, அதற்கப்புறம் எதையும் பிரிக்கவே பயந்தது, ஷெல்ஃப் விழுந்த அன்றைக்குத் தூக்கம் வராதது. ஒன்பது நாளாக அடைத்துக்கிடந்த குழாய் திறந்துகொண்ட மாதிரி. மெக்கானிக்கும் விட்டுக்கொடுக்காமல் பதிலுக்குப் பதில் பேசினார். ஷெட்டில் இருநூறு மிஷினும் ஒரே சமயத்தில் ஓடும்போது காதை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று நடித்துக் காட்டினார். மகள் வந்து பார்த்தால் வீடு மாறி வந்துவிட்டோமோ என்று நினைப்பாள்.

"உள்ள வெளிச்சம் பத்தல மாமா. டார்ச் எடுத்துட்டு வர்றேன்" என்று மாப்பிள்ளை அறைக்குள் போனார்.

வாசல் மணி அடித்தது. மெக்கானிக் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் பிடித்தபடியே போய்க் கதவைத் திறந்தார்.

அவர் வயதுதான் இருக்கும், நரைத்த மீசையோடு ஒருவர் நின்றார். ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்தார். தலையை எக்கி, மேஜைமேல் கிடந்த கன்ட்ரோலரையும் பார்த்தார்.

"ரிப்பேருக்கு வந்தவராங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். "நான் எதிர் வீடு. அது என்னோட கேம் பெட்டிதான். 'மாமனார் வர்றாரு, அவர்கிட்ட என்ன பேசறதுன்னே தெரியல, அவர் கிளம்பற வரைக்கும் கையில எதையாவது பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துக்கறேன்'னு இந்த வீட்டுத் தம்பி இரவல் வாங்கிட்டு வந்துச்சு, பாவம், அதுக்கு ஆடவே தெரியாது... அந்த மனுஷன் கிளம்பிட்டாரா, இல்ல இன்னும் இங்கதான் இருக்காரா?"